இருநூற்றுப் பதினேழின் ஆள்

கடலைப் பார்த்து நின்ற அந்தக் கப்பலுக்கு வயிறு கிடையாது. ஜப்பானின் போசோ கடற்கரை மணலில் தேவதாருக் கம்பங்களை நட்டு, அவற்றின்மேல் பலகை பரப்பி, சாம்பல் வண்ணம் பூசி, விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தை மட்டும் எழுப்பியிருந்தார்கள். தளத்தின் முன்முனை அலை தொடும் இடத்தில் முடிந்தது. பின்முனை ஒரு சர்க்கரைவள்ளித் தோட்டத்தில் முடிந்தது. கேமராவை எந்தப் பக்கம் திருப்பக் கூடாது என்பது படக்குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

கடற்படையில் விமான மெக்கானிக்கான மினேகிஷி அதன்மேல் முதன்முறை ஏறியபோது அவனுக்குக் கால் கூசியது. நிஜத் தளம் உள்ளங்காலின் கீழ் ஓயாமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். தூங்கும்போதுகூட அந்த நடுக்கம் எலும்பில் இருக்கும். இது செத்த பலகை. ஆனாலும் அந்தச் செத்த பலகையின்மேல் நிற்பதற்காக அவன் தினமும் நன்றி சொல்லிக்கொண்டான். ஏனெனில், இங்கே நிற்கவில்லையென்றால் அவன் நிற்க வேண்டிய இடம் வேறு.

அவனுடைய கப்பலின் பெயர் ஹகுஹோ. கோடையின் தொடக்கத்தில், ஒரு நண்பகலில், அது எரிந்து மூழ்கியது. அதில் இருந்தவர்களையும் அவர்களைத் தண்ணீரிலிருந்து தூக்கியவர்களையும் தவிர அது யாருக்கும் தெரியாது. வானொலியில் ஹகுஹோ இன்னும் கடலில் இருந்தது. அதன் மாலுமிகளுக்கு எழுதும் கடிதங்களைத் தபால் நிலையங்கள் இன்னும் வாங்கிக்கொண்டிருந்தன. பிழைத்தவர்களைக் கியூஷு தீவின் தென்முனையில் வேலி போட்ட ஒரு முகாமில் அடைத்தார்கள். வீட்டுக்கு எழுதக் கூடாது. ஊதுபத்தி கூடாது, மணி கூடாது, மந்திரம் கூடாது. யாரும் சாகாதபோது சடங்கு எதற்கு என்று கேட்டார்கள். ஆகவே முகாமில் சோறு பரிமாறும் பொறுப்பிலிருந்த மினேகிஷி, ஒவ்வொரு வேளையும் முதலில் ஒரு கிண்ணத்தைக் குவித்து நிரப்பி, அதன் நடுவே இரண்டு உண்குச்சிகளைச் செங்குத்தாக நட்டு, மேசையின் முனையில் வைப்பான். உயிரோடிருப்பவன் சோற்றில் யாரும் அப்படிக் குச்சியை நடுவதில்லை. எல்லோரும் ஒரு கணம் தலை குனிவார்கள். காவலன் வருமுன் அவன் குச்சிகளைப் பிடுங்கிவிடுவான். முழுக் கப்பலுக்கும் சேர்த்து அந்த ஒரு கிண்ணம்தான் கருமாதி.

அந்த முகாமிலிருந்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாகத் தெற்குத் தீவுகளுக்கு ஏற்றினார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சொல்லும் திரும்பியதில்லை. கப்பல் மூழ்கிய செய்தியை இப்படியும் மூழ்கடிக்கலாம் என்று யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். மினேகிஷியின் முறை நெருங்கிய சமயத்தில்தான், விமானிகளைப் பற்றி ஒரு போர்ப்படம் எடுப்பதாகவும், தள வேலை தெரிந்த ஆள் ஒருவன் வேண்டுமென்றும் ஒரு படக் கம்பெனி கடற்படையைக் கேட்டது. செய்திப் பிரிவின் லெப்டினன்ட் ஓட்டகுரோ வந்து அவனைப் பொறுக்கியெடுத்தார்.

“படம் முடியறவரைக்கும் ஒழுங்கா வேலை செய். வாயைத் திறக்காதே,” என்றார் அவர், சீமைப் பனிச்சம் பழம் ஒன்றைத் தோலுரித்தபடி. தோல் அறாமல் ஒரே சுருளாக இறங்கியது. “முடிஞ்சதும் வடக்கே பயிற்சித் தளத்துக்கு அனுப்பறேன். பசங்களுக்கு எஞ்சின் சொல்லிக் கொடுத்துக்கிட்டுக் குளிர் காயலாம். வாயைத் திறந்தா அடுத்த கப்பல் தெற்கே போகுது. புரியுதா?”

“புரியுது ஐயா.”

மினேகிஷி வீரனும் அல்லன், கோழையும் அல்லன். முப்பத்தொரு வயதான அவனுக்கு, வடக்கே ஒரு குளிரான கொட்டகையில் எஞ்சின்களோடு கிழவனாக வேண்டும் என்பதுதான் ஆசை. அதற்கு வாயை மூடியிருந்தால் போதும் என்றால் அது மலிவான விலை என்று நினைத்தான்.

ஆனால் அவனைக் காட்டிக்கொடுத்தது வாய் அல்ல.

ஒட்டுப்பலகையில் செய்த மூன்று விமானங்களுக்கு வாலில் எண் எழுதும் வேலையை இயக்குநர் இசோமுரா அவனிடம் விட்டிருந்தார். முதல் இரண்டுக்கும் வாயில் வந்த எண்களை எழுதினான். மூன்றாவதை எழுதி முடித்து, தூரிகையோடு பின்னால் நகர்ந்து பார்த்தபோது, வாலில் இருநூற்றுப் பதினேழு என்று இருந்தது. உப்புக் காற்றில் வண்ணம் உரியும்போதெல்லாம் அவன் கை திரும்பத் திரும்ப எழுதிய எண் அது. வாகிசாகா ஓட்டிய விமானத்தின் எண்.

கப்பலில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் ஆள் உண்டு. விமானி வருமுன் இருக்கையில் உட்கார்ந்து எஞ்சினைச் சூடாக்குபவன் அவன். விமானி வந்ததும் இறக்கைமேல் இறங்கி இடம் கொடுத்து, தோளில் முழங்காலை ஊன்றிப் பெல்ட்டை இழுத்துக் கட்டி, தலைக்கவசத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் குதிப்பான். அன்று நண்பகலிலும் விமானங்கள் தளத்தில் வரிசையாக உறுமி நின்றன. மினேகிஷி பெல்ட்டை இறுக்கினான். இரண்டு தட்டுத் தட்டினான். இறக்கையிலிருந்து குதித்தான். அப்போது வானத்திலிருந்து குண்டு விழுந்தது. அடுத்து அவனுக்குக் கோர்வையாக நினைவிருப்பது தண்ணீர்தான். வாகிசாகா அந்தப் பெல்ட்டுக்குள்ளேயே இருந்தான்.

ஓட்டகுரோ அந்த எண்ணை மறுநாள் காலையிலேயே கவனித்துவிட்டார்.

“இது யாரோட நம்பர்?”

“தெரியாம எழுதிட்டேன் ஐயா. கை தானாப் போயிடுச்சு. இப்பவே அழிச்சிடறேன்.”

“யாரோடதுன்னு கேட்டேன்.”

“வாகிசாகாவோடது. ஹகுஹோ.”

லெப்டினன்ட் தலையைச் சாய்த்து எண்ணைப் பார்த்தார். “இருக்கட்டும், விடு. ஹகுஹோ கடல்லதான இருக்கு? அதோட விமானம் படத்துல வந்தா யாருக்கு நஷ்டம்? இப்ப அழிச்சாத்தான் ஏன் அழிச்சாங்கன்னு நாலு பேர் கேப்பாங்க.”

எண் நின்றது. வேலை நடந்தது. மாலுமிகளாக நடிக்கப் பக்கத்துக் கிராமத்து மீனவர்களைப் பிடித்து வந்திருந்தார்கள். விமானம் கிளம்பும்போது தளத்தில் நிற்பவர்கள் தொப்பியைக் கழற்றி ஆட்டி வழியனுப்பும் முறையை மினேகிஷி அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தான்.

“கொசு விரட்டறீங்களா? தொப்பியைத் தலைக்கு மேல தூக்குங்க. பெரிய வட்டமா, மெதுவா.”

“இவ்வளவு மெதுவா ஆட்டினா, நாங்க முடிக்கறதுக்குள்ள விமானம் சிங்கப்பூர் போய்ச் சேந்துடும் தலைவரே,” என்றான் வரிசையில் நின்ற கிழட்டு மீனவன் ஒருவன். “எங்க ஊர்ல படகு கிளம்பினா பொண்டாட்டி கதவைச் சாத்திக்கிட்டு உள்ள போயிடுவா. அதோட சரி.”

“உன் மூஞ்சிக்கு அதுவே அதிகம்,” என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள். மினேகிஷியும் சிரித்தான். நான்கு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. அதை லெப்டினன்ட் பார்த்தாரா என்று உடனே திரும்பிப் பார்த்தான்.

விமானியாக நடித்த கஜிவாரா பெயர்பெற்ற நடிகன், கெட்டவன் அல்லன். இருநூற்றுப் பதினேழில் அவனை உட்கார வைத்து மினேகிஷி பெல்ட்டை இழுத்துக் கட்டியபோது அவன் முகம் சிவந்துபோயிற்று.

“அப்பா, மூச்சே விட முடியலையே. நிஜத்துல இப்படியா கட்டுவீங்க? உங்க ஆளு எப்படித்தான் இதுக்குள்ள உயிரோட இருந்தாரு?”

மினேகிஷி ஒரு துளை தளர்த்தினான்.

ஊர் மாதர் சங்கத்தின் பெண்கள் வெள்ளை மேலங்கியும் தோளில் குறுக்கே சங்கத்தின் பட்டையுமாகப் பார்லித் தேநீர் கொண்டுவந்தது அந்த வாரத்தில்தான். வாகிசாகாவின் ஊர் இதே கரையில், ரயிலில் ஒரு நிலையம் தள்ளி இருப்பது மினேகிஷிக்குத் தெரியும். அதனாலேயே அவன் ரயிலடிப் பக்கமே தலைகாட்டாமல் இருந்தான். ஆனால் சங்கம் இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒன்றுதான் என்பது அவனுக்குத் தெரியாது.

அந்தப் பெண்களில் ஒருத்தி விமானத்தின் வாலருகே நின்றுவிட்டாள். ஒரு கையில் தேநீர்க் கெண்டி. மற்றொரு கையின் விரலால் ஏழின் காலைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் வெள்ளை ஒட்டியது.

“இதை எழுதினது யாரு?”

“அதோ, எங்க தலைவரு,” என்றான் கிழட்டு மீனவன்.

அவள் மினேகிஷியிடம் வந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இடது கையைப் பார்த்தாள். அந்தக் கையின் சுண்டுவிரலுக்கு நுனி கிடையாது.

“மினேகிஷி அண்ணாதான? நான் மிட்சுயே. வாகிசாகா வீட்டுல.” குரலில் மகிழ்ச்சி தட்டுத்தடுமாறி ஏறியது. “லீவுல வந்தப்ப ஒரு போட்டோ கொடுத்தார். வால்ல சாஞ்சுக்கிட்டு நிப்பார், பின்னால இந்த நம்பர். விரல் நுனி இல்லாத ஒருத்தர்தான் இந்த விமானத்துக்குச் சொந்தக்காரர், நான் வாடகைக்கு ஓட்டறேன்னு சொல்வார். நான் போட்டு அனுப்பின உமே ஊறுகாய் உங்களுக்கும் கொடுத்தாரா?”

“பாதி நான்தான் தின்னேன் அம்மா. நல்ல புளிப்பு.” அது உண்மை. அன்று அவளிடம் அவன் சொன்ன கடைசி உண்மையும் அதுவே.

“நீங்க இங்க இருக்கீங்கன்னா, கப்பல் வந்திருக்கா?”

சற்றுத் தள்ளிப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஓட்டகுரோவின் கையில் கத்தி நின்றது. பழத்தோலின் சுருள் பாதியில் தொங்கியது.

“இல்லம்மா. எனக்குக் குடல்வால் ஆபரேஷன். கப்பல் கிளம்பறதுக்கு முன்னாடியே கரையில இறக்கிட்டாங்க. வயிறு ஆறினதும் திரும்பப் போயிடுவேன்.”

கத்தி மறுபடி நகர்ந்தது.

“அப்ப அவருக்கு யாரு பெல்ட் கட்டறா?”

“சுகுதான்னு ஒருத்தன். நல்ல பையன்.” சுகுதாவுடையதாக மினேகிஷி கடைசியாகப் பார்த்தது, ஆள் இல்லாமல் எரியும் தளத்தில் நின்ற இரண்டு பூட்ஸ்கள்.

“இறுக்கமாக் கட்டுவானா? உங்க கட்டுலதான் தைரியம் வரும்னு சொல்வார்.”

“கட்டுவான்.”

அவள் கோப்பையில் தேநீர் ஊற்றுவதுபோலக் குனிந்தாள். குரல் கெண்டியின் மூக்கிலிருந்து வருவதுபோல அவ்வளவு தாழ்ந்திருந்தது.

“அண்ணா, வசந்தத்துக்கு அப்புறம் ஒரு கடிதாசு இல்லை. உங்களால எதுவும் சொல்ல முடியாதுன்னு தெரியும், அதோ அவர் உக்காந்திருக்கார். பேசவே வேணாம். தினமும் அவர் தட்டுல சோறு வைக்கறேன். தூரத்துல இருக்கறவருக்கு வைக்கறேனா, இல்லாமப் போனவருக்கு வைக்கறேனான்னு தெரியாமலே வைக்கறேன். அதுதான் என்னைக் கொல்லுது. அவர் இல்லைன்னா, கண்ணை ஒரே ஒரு தடவை மூடித் திறங்க. நான் அழமாட்டேன். யார்கிட்டயும் சொல்லமாட்டேன். டீயை ஊத்திட்டு அடுத்த ஆள்கிட்டப் போயிடுவேன்.”

அவள் நிமிர்ந்து அவன் கண்களைப் பார்த்தாள்.

கடற்காற்று மணலை வாரித் தளத்தின்மேல் இறைத்தது. மினேகிஷி கண்ணை மூடவில்லை. இமைப்பது மனிதனுக்குத் தானாக வருவது. அதைத் தடுக்க ஒரு பெரும் பாரத்தைத் தூக்கும் பலம் வேண்டியிருந்தது. வடக்கே இருக்கும் கொட்டகையை நினைத்துக்கொண்டான். கண் எரிந்தது. நீர் கோத்துக் கன்னத்தில் வழிந்தது. அப்போதும் மூடவில்லை.

“மணல்,” என்றான்.

அவள் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. கெண்டியை மார்போடு அணைத்துக்கொண்டு இடுப்பு மடிய வணங்கினாள். “நன்றி அண்ணா,” என்றாள். தேநீர் அவள் மேலங்கியில் சிந்தியதை அவள் கவனிக்கவில்லை.

இசோமுராவின் காதுக்கு இந்தக் கதை மாலைக்குள் எட்டிவிட்டது. அவர் மென்மையான குரலுள்ள மனிதர். யாரையும் அதட்டாமலே எல்லோரிடமும் வேண்டியதைப் பிழிந்துகொள்வார். மிட்சுயேவை அழைத்து உட்காரவைத்து, அவள் கணவனுக்குத் தினமும் எப்படிச் சோறு வைக்கிறாள் என்று கேட்டார். அவனுடைய இடத்தில், அவனுடைய கிண்ணத்தில், அவனுடைய குச்சிகளோடு என்றாள் அவள்.

“சூப்புக் கிண்ணத்து மூடியில தண்ணி கோக்குமா அம்மா?”

“இதுவரைக்கும் ஒரு நாளும் காஞ்சதில்லை.”

மூடியின் உள்ளே நீர் கோத்திருந்தால் தூரத்தில் இருப்பவன் நலமாக இருக்கிறான் என்று அந்தக் கரைப் பெண்கள் எல்லோரும் நம்பினார்கள். இசோமுராவின் அம்மாவும் நம்பியிருக்கிறாள். அவர் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடே கேமராவை எங்கே வைப்பது என்று யோசித்தார்.

“நாளைக்கு அதை இந்தத் தளத்துலயே வைக்கலாமா? இருநூத்திப் பதினேழுக்கு முன்னாடி? கடல்ல இருக்கற எல்லாரும் இந்தப் படத்தைப் பாப்பாங்க. அவரும் பாப்பார்.”

“அவரும் பாப்பாரா?” என்று கேட்டாள் மிட்சுயே. கேள்வி இயக்குநரிடம் போனாலும் பார்வை மினேகிஷியிடம் வந்தது.

“பாப்பார் அம்மா,” என்றான் மினேகிஷி.

அவள் போனபின் அவன் ஓட்டகுரோவிடம் சென்று நின்றான். “ஐயா, அந்தப் பொண்ணை வச்சு இந்தக் காட்சி மட்டும்...”

“பாவம்னு சொல்ல வந்தியா?”

“இல்ல ஐயா.”

“சொல்லாதே. உன் முகாம் ஆளுங்க போன வாரம் ஏறிட்டாங்க. உன்னை நிறுத்தி வச்சிருக்கறது இந்தக் கைதான்.” லெப்டினன்ட் தன் கையைத் தூக்கிக் காட்டினார். பழச்சாறு படிந்த, மெலிந்த, சுத்தமான கை. “அவ நம்பறா. அவ நம்பறதைப் பாத்து நாடு நம்பும். நீ பக்கத்துல உக்காரு. அவ்வளவுதான் உன் வேலை.”

மறுநாள் வெயில் நன்றாக இருந்தது. மிட்சுயே பார்லி கலக்காத வெள்ளைச் சோறு கொண்டுவந்திருந்தாள். பங்கீட்டில் கிடைத்ததைச் சேர்த்துவைத்துச் சமைத்தது என்று பார்த்தவுடனே தெரிந்தது. மூடிய கிண்ணத்தில் மிசோ சூப்பு, ஒரு கருவாடு, ஓர் உமே ஊறுகாய். விமானத்தின் மூக்குக்குக் கீழே தட்டை வைத்து ஒரு பக்கம் அவள் மண்டியிட்டாள், எதிரே மினேகிஷி. வெளிச்சம் திருப்பும் தகடுகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் இங்குமங்கும் ஓடினார்கள். இயக்குநர் வானத்தைப் பார்த்து ஒரு மேகத்தின் நகர்வைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். லெப்டினன்ட், கஜிவாராவோடு சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

“முதல்ல ஒத்திகை,” என்றார் இசோமுரா மேகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “மினேகிஷி, நீங்கதான அவரோட ஆள். குச்சியை நீங்களே வச்சுடுங்க.”

மிட்சுயே சோற்றைக் கிண்ணத்தில் குவித்து வைத்தாள். கணவனின் குச்சிகளை இரண்டு கையாலும் நீட்டினாள். மினேகிஷி வாங்கினான். குவிந்த வெள்ளைச் சோறு, மேலெழும் ஆவி, சுற்றிலும் மாலுமிச் சீருடைகள். எத்தனையோ வேளைகளின் பழக்கம் அவன் தோளிலிருந்து இறங்கி விரலுக்கு வந்தது. அவன் அதை நினைக்கவில்லை. நினைத்திருந்தால் செய்திருக்க மாட்டான்.

குச்சிகள் இரண்டும் சோற்றின் நடுவே செங்குத்தாக நின்றன.

தன் தலை தானாகக் குனிந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. நிமிர்ந்தான். கை அந்தரத்தில் நின்றுவிட்டது. பிடுங்க வேண்டும் என்று தெரிந்தும் அது நகரவில்லை.

மிட்சுயே குச்சிகளைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் எதுவும் அசையவில்லை. காதுமடல்கள் மட்டும் இரத்தம் வற்றி மெழுகுபோல வெளுத்தன. மேலங்கியின் அகன்ற இடக் கைப்பகுதியால் கிண்ணத்தை மறைத்து, வலது கையால் குச்சிகளை மெல்ல உருவினாள். மேலங்கியில் துடைத்துத் தட்டின் விளிம்பில் படுக்கவைத்தாள். சோற்றில் விழுந்திருந்த இரண்டு துளைகளையும் கரண்டியின் முதுகால் தடவி மூடினாள்.

“என்ன ஆச்சு?” என்று கேட்டார் இயக்குநர்.

“ஒண்ணுமில்லைங்க. சோறு கொஞ்சம் சரிஞ்சிருந்தது.”

படப்பிடிப்பு தொடங்கியது. சூப்புக் கிண்ணத்தின் மூடியைத் திறந்து, உள்ளே பார்த்து, புன்னகைக்க வேண்டும். மிட்சுயே திறந்தாள். பார்த்தாள். மூடியைக் கேமரா பக்கம் திருப்பி, முத்துமுத்தாக நின்ற நீரைக் காட்டினாள்.

“ஈரமா இருக்கு. நல்லா இருக்கார்,” என்றாள், புன்னகைத்து.

கஜிவாரா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். மாதர் சங்கத்துப் பெண்கள் அழுதார்கள். கிழட்டு மீனவன் மூக்கை உறிஞ்சினான். இசோமுரா, மிக மென்மையாக, இன்னும் ஒரு முறை என்றார். சூப்பு ஆறிவிட்டதால் மூடி ஈரமாவதற்காக அதை மறுபடி கொதிக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். பிறகு மேகம் வந்துவிட்டதால் மற்றொரு முறை. ஒவ்வொரு முறையும் அவள் மூடியைத் திறந்து, கணவன் நன்றாக இருப்பதாகச் சொல்லி, அதே இடத்தில் அதே அளவு புன்னகைத்தாள். எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு முறையும் அதைக் கேட்பதுதான் மினேகிஷியின் வேலை.

எல்லாம் முடிந்தது. கூட்டம் கலைவதற்குமுன் மிட்சுயே எழுந்து, மேலங்கியைச் சரிசெய்துகொண்டு, ஓட்டகுரோவின் எதிரே போய் நெற்றி பலகையைத் தொட வணங்கினாள். படப்பிடிப்பைப் பார்க்க வந்த பத்திரிகைக்காரர் ஒருவரும், சங்கத்துப் பெண்களும், மீனவர்களும் சுற்றி நின்றார்கள்.

“ஐயாகிட்ட ஒரு வேண்டுகோள்.”

“சொல்லுங்க அம்மா.”

“என் வீட்டுக்காரருக்கு மினேகிஷி அண்ணா கட்டினாத்தான் பெல்ட் நிக்கும். வேற ஆள் கட்டறான்னு கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. அண்ணாவுக்கு வயிறு ஆறிடுச்சு. நேத்தெல்லாம் இந்தப் பலகைமேல குதிச்சு ஓடறதை நாங்க எல்லாரும் பாத்தோம்.” அவள் தலையைத் தூக்காமலே பேசினாள். “கரையில நிக்கறது அண்ணாவுக்கும் வேதனையாத்தான் இருக்கும். அவரைச் சீக்கிரமா அவர் கப்பலுக்கே அனுப்பி வைங்க. நீங்க எனக்குச் செய்யற உபகாரம் அது ஒண்ணுதான்.”

பெண்கள் கை தட்டினார்கள். பத்திரிகைக்காரர் குனிந்து எழுதினார். “அடடா, இதையும் எடுத்திருக்கணும்,” என்று முணுமுணுத்தார் இசோமுரா.

லெப்டினன்ட் மினேகிஷியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. எங்கிருந்து தோலுரிக்கத் தொடங்கலாம் என்று பழத்தைத் திருப்பிப் பார்க்கும் பார்வை அது. கடலில் இருக்கும் கப்பலுக்கு, உடல்நலம் தேறிய மெக்கானிக்கை ஏன் அனுப்பக் கூடாது என்பதற்கு இத்தனை பேர் முன்னால் சொல்ல ஒரு காரணமும் இல்லை. தவிர, பெயரும் முகமும் ஊருக்குத் தெரிந்துபோன ஹகுஹோ ஆள் இனி கரையில் இருப்பது ஆபத்து.

“கண்டிப்பா அம்மா,” என்றார். “நாளைக்கே கிளம்பறான்.”

“ஐயா,” என்றான் மினேகிஷி. “படம் இன்னும் முடியலையே...”

“நாட்டுக்கு முன்னாடி படமா, மினேகிஷி?”

மறுபடியும் கை தட்டினார்கள்.

அவள் தட்டைத் துணியில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தபோது அவன் பக்கத்தில் போய்க் குந்தினான்.

“ஏன்மா?”

“நேத்து கண்ணை மூடுங்கன்னு கேட்டேன். நீங்க மூடலை.”

“தெற்குத் தீவுக்கு அனுப்பிடுவாங்க. அங்க போனவன் எவனும்...”

“தெரியும். எங்க தெருவுலயும் போயிருக்காங்க.”

“நான் என்னம்மா செய்திருக்க முடியும்?”

“ஒண்ணும் செய்ய வேணாம்னுதான கேட்டேன். இமையை மட்டும்.” துணியின் முடிச்சைப் பல்லால் இறுக்கினாள். அவள் கோபமாக இருந்திருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “நேத்து வீட்டுக்குப் போய்ப் பாடிக்கிட்டே சமைச்சேன் அண்ணா. பக்கத்து வீட்டுல கேட்டாங்க, என்ன இன்னைக்கு இவ்வளவு சந்தோஷம்னு.” மூட்டையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். “கடைசியா அவருக்குப் பெல்ட் கட்டினது நீங்கதானா?”

“ஆமா.”

“இறுக்கமாவா?”

மினேகிஷியால் வாயைத் திறக்க முடியவில்லை. லெப்டினன்ட் அருகில் இல்லை, காவலும் இல்லை, பயப்பட இனி எதுவுமே மிச்சமில்லை. இருந்தும் சொல் வரவில்லை. அவன் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தான்.

மிட்சுயே தலையசைத்தாள். கணவனின் குச்சிகளை ஒரு கைக்குட்டையில் சுருட்டி அவன் மடியில் வைத்தாள்.

“இது அவரோடது. அவர்கிட்டதான போறீங்க. கையில கொடுத்துடுங்க.”

மறுநாள் காலை அவனை ஏற்றிச்செல்ல வந்தது கரி எரித்து ஓடும் லாரி. அது கிளம்ப நேரம் எடுத்தது. ஓட்டுநர் அடுப்பைக் குத்திக்கொண்டே இருந்தான். பின்தட்டில் மினேகிஷி மூட்டையோடு உட்கார்ந்திருந்தான். இந்த வாய்ப்பை விட மனமில்லாத இசோமுரா, மீனவர்களைத் தளத்தின் விளிம்பில் வரிசையாக நிறுத்தியிருந்தார். நிஜ வழியனுப்பலில் வரும் முகங்களை ஒத்திகையில் வரவழைக்க முடியாது என்று அவர் உதவியாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கேமரா ஓடியது.

“தலைவரே, இப்ப சரியா இருக்கா?” என்று கத்தினான் கிழட்டு மீனவன்.

சரியாக இருந்தது. தொப்பிகள் தலைக்குமேல் பெரிய வட்டமாக, மெதுவாக, ஒரே சீராகச் சுழன்றன. ஹகுஹோவின் தளத்தில்கூட அவ்வளவு சீராக இருந்ததில்லை. மினேகிஷியின் கையும் தன் தொப்பிக்குப் போயிற்று.

வரிசையின் கடைசியில் வெள்ளை மேலங்கியில் மிட்சுயே நின்றாள். அவள் எதையும் ஆட்டவில்லை. லாரியைப் பார்த்து இரண்டு கைகளையும் நெஞ்சின்முன் சேர்த்து, கண்களை மூடி, தலையைத் தாழ்த்தியிருந்தாள்.

இசோமுரா ஒலிபெருக்கியை வாயிலிருந்து இறக்கிவிட்டு, கனிவாகச் சொன்னார். “அம்மா, கையை ஆட்டணும். கும்பிடக் கூடாது. அது செத்தவங்களுக்கு.”

லாரி ஒரு முறை உலுக்கிக்கொண்டு நகர்ந்தது. அவள் கண்ணைத் திறந்தாள், கைகளைப் பிரிக்கவில்லை.

“மன்னிச்சுக்கங்க,” என்றாள். “கை தானாப் போயிடுச்சு.”